திரும்பிச் செல்ல வீடில்லாதவளும் நம் ஜமாஅத்தும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

ஹம்து ஸலவாத்துக்குப் பின், சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வாசித்தளித்த ஆண்டறிக்கையை நாம் அனைவரும் செவிமடுத்தோம். வரவு செலவு சரியாக உள்ளது. நிக்காஹ் பதிவேடு ஒழுங்காகப் பேணப்பட்டுள்ளது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அவ்வறிக்கையில் உள்ள ஒரு வரி நம் உள்ளத்தை உறுத்துகிறது. 'குடும்ப வழக்குகள் சுமுகமாக முடித்து வைக்கப்பட்டன' என்னும் வரியே அது. சுமுகமாக முடிந்தது யாருக்கு? வழக்கை விசாரித்த நமக்கா, வழக்கோடு வந்த அந்தப் பெண்ணுக்கா? இக்கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாம் செய்த பிழை

பிறர் குறையைச் சொல்லித் தொடங்குவது முறையன்று. நம் குறையையே முதலில் சொல்கிறோம். நாம் முன்பு வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றிய காலத்தில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போன பெண் ஒருவர், கணவர் தம்மை அடிப்பதாக ஜமாஅத்தில் முறையிட்டார். ஜமாஅத் அலுவலகம் மாடியில் இருந்தது. அவரால் படியேற இயலவில்லை. ஆகவே அவர் கீழே அமர்ந்திருக்க, கணவரும் கணவரின் உறவினரும் மேலே வந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதை ஒருவர் கீழே போய்ச் சொல்வதும், அவர் சொன்னதை மேலே வந்து சொல்வதுமாக விசாரணை நடந்தது. தம் வழக்கில் தாமே முகம் காட்ட முடியாதவராக அவர் இருந்தார். அது ஓர் அநீதி என்பதுகூட அன்று நமக்குத் தோன்றவில்லை.

பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். சகோதரர் வீட்டில் இடமில்லை என்றார்கள். 'இனிமேல் கை நீட்ட மாட்டேன்' என்று கணவர் வாக்களித்தார். 'ஸபர் செய்யுங்கள், அல்லாஹ் கூலி தருவான்' என்று நாமும் உபதேசித்தோம். அப்போது அவர் கேட்டார்: 'ஹஜ்ரத், போகமாட்டேன் என்று சொன்னால் எனக்கு வேறு இடம் இருக்கிறதா?' அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவர் கையொப்பமிட்டார். 'இரு தரப்பும் சம்மதம்' என்று மினிட் புத்தகத்தில் எழுதினோம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் ஃபஜ்ருக்குக் கதவு திறக்க வந்த முஅத்தின், பள்ளிவாசல் படிக்கட்டின் கீழே அவர் அமர்ந்திருப்பதைக் கண்டார். அவர் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காக ஊன்றுகோல்களைக் கணவர் ஒளித்து வைத்திருக்கிறார். கைகளை ஊன்றியே இரண்டு தெருக்களைக் கடந்து வந்திருக்கிறார். உள்ளங்கைகள் தோலுரிந்திருந்தன.

அவரை எங்கே தங்க வைப்பது? பள்ளியின் எல்லா அறைகளுக்கும் படிகள் இருந்தன. தெருவோடு சமதளமாக இருந்தது ஓர் அறை மட்டுமே. அது ஜனாஸா சந்தூக்கு வைக்கும் அறை. சந்தூக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பாய் விரித்தோம். முஅத்தினின் மனைவி துணைக்கு இருக்க, இரண்டு இரவுகள் அவர் அங்கே தங்கினார். மய்யித்துக்கு நாம் ஆயத்தமாக வைத்திருந்த அளவுக்குக்கூட, அடிபட்டு வந்த ஓர் உயிருக்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்திருக்கவில்லை.

பின்னர் பெண்கள் காப்பகம் ஒன்றை அணுகினோம். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாதவரை வைத்துக்கொள்ள வசதியில்லை என்றார்கள். அங்கும் படிகள்தாம், கழிப்பறையோ குத்துக்காலிட்டு அமர்வது. மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றை அணுகினோம். கணவர் வந்து தகராறு செய்வார், குடும்ப வழக்குள்ளவரைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஓரிடத்தில் ஊனம் தடையாயிற்று, மற்றோரிடத்தில் அடிபட்டதே தடையாயிற்று. இறுதியில் ஊரிலிருந்த விதவைத் தாய் ஒருவர் தம் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். நீதிமன்றத்தின் வழியே வாடகைக்கும் ஜீவனாம்சத்துக்கும் உத்தரவு கிடைக்கும்வரை பல மாதங்கள் அவர் அங்கேதான் இருந்தார்.

அப்பெண்ணின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டா. பாடம் மட்டும் போதும்.

இது ஒருவருக்கு நேர்ந்தது மட்டுமா?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, நாட்டில் 1 கோடியே 18 இலட்சம் பெண்கள் ஊனத்தோடு வாழ்வதாகச் சொல்கிறது. இந்த இரு துன்பங்களும் ஒருவரிடமே சேரும்போது என்ன நேர்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கண் தெரிந்த பெண் இரவில் ஓடிவிடலாம். பார்வையற்றவருக்குப் பேருந்து நிலையம் போய்ச்சேர ஒரு கை வேண்டும். பேசத் தெரிந்தவர் கூக்குரலிடலாம். காது கேளாத, வாய் பேசாதவரின் சைகையை மொழிபெயர்ப்பவரே அவரை அடித்தவராகவோ மாமியாராகவோ இருக்கிறார். அடிப்பவரே சோறு ஊட்டுபவராகவும், கழிப்பறைக்குத் தூக்கிச் செல்பவராகவும் இருந்தால், அவர் மீது புகார் கொடுப்பது எப்படி? மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை அவர் பெயரில் வருகிறது. வங்கி அட்டையோ கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னும் சிலர் ஊனத்தோடு பிறந்தவரே அல்லர். கன்னத்தில் விழுந்த அறையால் செவிப்பறை கிழிந்தவர்களும், தள்ளிவிடப்பட்டு இடுப்பு முறிந்தவர்களும் இருக்கிறார்கள். வன்முறைதான் அவர்களை ஊனமாக்கியது.

நம் மஹல்லாவில் அப்படி யாருமில்லை என்று எண்ணிவிட வேண்டா. படியேறி வந்து முறையிட்டவர்களை மட்டுமே நாம் அறிவோம். படியேற முடியாதவர்கள் நம் அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

நபிவழி காட்டுவது என்ன?

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரழி) அவர்களின் வரலாற்றை ஆலிம்கள் குலாவுக்கு ஆதாரமாக ஓதுகிறோம். கணவர் அவர்களை அடித்து உடலில் ஓர் இடத்தை முறித்துவிட்டதாக அபூதாவூதில் வருகிறது. விடியும் முன் இருளிலேயே அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாசலுக்கு வந்துவிட்டதாக முவத்தாவில் வருகிறது. ஸபர் செய்யுமாறு நபியவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, கொடுத்த மஹரைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு தீர்ப்பளித்தார்கள். அதன்பின் ஹபீபா (ரழி) தம் குடும்பத்தாரிடம் தங்கிவிட்டார்கள் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. தீர்ப்பை நாம் ஓதுகிறோம். அந்தக் கடைசிச் செய்தியை நின்று கவனிப்பதில்லை. அவர்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது. ஆகவே தீர்ப்பு தீர்ப்பாக நின்றது.

வீடு இல்லாதவர்களுக்கு? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) தலாக்கிற்குப் பின் எங்கே இத்தா இருப்பது என்ற கேள்வி எழுந்தபோது, நபியவர்களே அவர்களுக்கு இடம் குறித்தார்கள். முதலில் ஒரு வீட்டைச் சொன்னார்கள்; அங்கே ஆட்கள் வந்து போவது அதிகம் என்பதால் மாற்றி, கண் பார்வையற்ற ஸஹாபியான இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வீட்டில் தங்கச் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்குத் தங்குமிடம் குறிக்கும்போது அவருடைய மறைவையும் நிம்மதியையும் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிறகு அவர்களைப் பெண் கேட்டு வந்தவர்களுள் ஒருவர் கம்பைத் தோளிலிருந்து இறக்காதவர் என்பதையும் மறைக்காமல் சொல்லி எச்சரித்தார்கள். நாமோ மாப்பிள்ளையின் கைநீளம் தெரிந்திருந்தும், 'நமக்கேன் வம்பு' என்று நிக்காஹ் ஓதி வைக்கிறோம்.

ஆதரவற்ற கறுப்பினப் பெண் ஒருவர் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவியபோது, அவருக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரம் இருந்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. பள்ளிவாசலின் நிழலில் பெண்ணுக்கு இடம் கொடுப்பது புதுமையன்று. அதை மறந்ததுதான் புதுமை.

சட்டம் தரும் பாதுகாப்பு

'இது ஷரீஅத் விவகாரம், நாமே பார்த்துக்கொள்வோம்' என்று கூறிப் பெண்ணின் வழியை அடைப்பவர்கள் உண்டு. நாட்டின் சட்டம் தரும் பாதுகாப்பைப் பெற்றுக்கொள்வது மார்க்கத்துக்கு மாறானதன்று. அது என்ன என்பதை ஜமாஅத்தார் அறிந்திருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் உரியது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அவர் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை அதன் 17ஆம் பிரிவு தருகிறது. அங்கே வாழ இயலாவிட்டால் அதே தரத்தில் வேறு வீடோ, வாடகையோ தருமாறு கணவருக்கு உத்தரவிட 19ஆம் பிரிவின் கீழ் நடுவருக்கு அதிகாரம் உண்டு. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடும் இவ்வுரிமைக்குள் வரக்கூடும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்காக மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மாற்றுத்திறனாளியின் உதவிச் சாதனத்தைச் சேதப்படுத்துவதும், அதைப் பயன்படுத்தவிடாமல் இடையூறு செய்வதும், பராமரிப்பில் இருப்பவருக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பதும் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். ஊன்றுகோலை ஒளித்து வைத்ததை நாம் அன்று 'கணவன் மனைவித் தகராறு' என்று எழுதினோம். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். அரசு வீட்டுவசதித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடும், அதில் பெண்களுக்கு முன்னுரிமையும் 37ஆம் பிரிவு வழங்குகிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையும் உண்டு. அதற்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

தலாக் விடப்பட்டவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் போதுமான, நியாயமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள் முன்னாள் கணவர் செய்ய வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பராமரிக்க உறவினர் எவரும் இல்லாதபோது, அல்லது இருந்தும் அவர்களுக்கு வசதி இல்லாதபோது, வக்ஃபு வாரியம் அப்பொறுப்பை ஏற்குமாறு நடுவர் உத்தரவிடலாம் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது.

உடனடி உதவிக்கு 181 என்னும் எண் இருக்கிறது. 2015 முதல் செயல்படும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், காவல், சட்டம் ஆகிய உதவிகளோடு தற்காலிகத் தங்குமிடமும் உண்டு. ஆனால் அத்திட்டத்தில் தங்கும் காலம் 5 நாள் வரைதான். நடுவர் மன்ற விண்ணப்பத்தை முடிக்கச் சட்டம் குறிக்கும் காலமோ 60 நாள். நடைமுறையில் அது இன்னும் நீளும். ஐந்தாம் நாளுக்கும் உத்தரவு கிடைக்கும் நாளுக்கும் இடையில் அப்பெண் எங்கே படுத்துறங்குவார்? நம் ஜமாஅத் நிற்க வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

அவர் கேட்பது தர்மம் அன்று

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 'சகோதரர் வீட்டில் இடமில்லை' என்றார்கள் என்றோமே, அந்த வீடு யாருடையது? தந்தை விட்டுச்சென்றது. அதில் மகளுக்கும் பாகம் உண்டு என்பது திருக்குர்ஆன் வகுத்த பங்கீடு. ஊனம் எவருடைய பாகத்தையும் குறைப்பதில்லை. திருமணச் செலவு செய்துவிட்டோம் என்ற பெயரில் சகோதரியின் பாகத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அவர் அடிபட்டுத் திரும்பும்போது 'இடமில்லை' என்பவர், தம் வீட்டுக் கதவை அடைக்கவில்லை. அவருடைய வீட்டுக் கதவையே அவர் முகத்தில் அடைக்கிறார்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழும் வழக்கம் இருக்கிறது. அது பெற்றோர் மீது ஏற்றும் சுமை குறித்து மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆயினும் தம் பெயரில் கூரையுள்ள பெண்ணை நள்ளிரவில் எவராலும் எளிதில் தெருவில் தள்ளிவிட முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். ஊனமுற்ற மகளுக்கு அதிகக் கைக்கூலி கொடுத்து மாப்பிள்ளை தேடும் தந்தையரே! அந்தப் பணத்தைக் கைக்கூலியாகக் கொடுக்காதீர்கள். மகளின் பெயரில் ஓர் அறையாக எழுதி வையுங்கள்.

நாம் வேண்டுவது

முதலாவதாக, மத்ரஸாவின் பின்புறமுள்ள வக்ஃபு மனையில் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கட்டத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்தில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் மூன்றடி அகலக் கதவு, கைப்பிடியுள்ள மேற்கத்தியக் கழிப்பறை, அமர்ந்தபடி எட்டும் உயரத்தில் குழாயும் உள்தாழ்ப்பாளும் இருக்கட்டும். பொறுப்பாளர் பெண்ணாக இருக்கட்டும். தங்கியிருப்பவரின் பெயர் எந்த அறிவிப்புப் பலகையிலும் வர வேண்டா. இன்னொரு விளக்கம்: ஜகாத் பணம் உரியவரின் கைக்குச் சொந்தமாகச் சேர வேண்டும், அதைக் கட்டடத்தில் போடலாகாது. கட்டடம் வக்ஃபு வருமானத்திலும் ஸதகாவிலும் எழும்பட்டும். ஜகாத்தை அப்பெண்ணின் கையிலேயே கொடுங்கள். மருந்து, உணவு, துணையாளின் கூலி ஆகியவற்றுக்கு அவரே செலவிடட்டும்.

இரண்டாவதாக, விசாரணை இனி தரைத்தளத்தில் நடக்கட்டும். பெண்ணைத் தனியே, கணவர் தரப்பு இல்லாத நேரத்தில், பெண்கள் இருவர் உடனிருக்கக் கேட்க வேண்டும். காது கேளாதவருக்குக் குடும்பத்தைச் சாராத சைகை மொழி அறிந்தவரை அழைக்க வேண்டும். பார்வையற்றவருக்கு எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கலாகாது. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் தங்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோது நம்மில் பலர் கோபப்பட்டோம். நம் சபையில் அவர்களின் குரல் கேட்கப்பட்டிருந்தால் அதற்குத் தேவை எழுந்திருக்குமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மஹர் நகை, ஊன்றுகோல், மருந்துச் சீட்டு ஆகியவற்றை அந்த வீட்டிலிருந்து மீட்டுத்தர ஜமாஅத் துணை நிற்க வேண்டும். பாதுகாப்பு அலுவலரிடமும் சட்ட உதவி மையத்துக்கும் அழைத்துச் செல்ல இருவரை நியமிக்க வேண்டும். காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை, பிறகுதான் விசாரணை.

இவற்றைச் செய்தால் குடும்பங்கள் உடையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சமாதானத்தை நாம் வெறுக்கவில்லை. கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பது நன்மையான காரியமே. ஆனால் 'போகிறேன்' என்று சொல்லவும் 'போகமாட்டேன்' என்று சொல்லவும் இடமுள்ளவரின் சம்மதமே சம்மதம். வேறு கூரை இல்லாததால் தலையசைப்பவரின் சம்மதத்தை மினிட் புத்தகம் ஏற்றுக்கொள்ளலாம். மறுமையின் ஏடு ஏற்றுக்கொள்ளுமா என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அறை இருந்தால், அங்கே சில நாள் தங்கியபின் தம் விருப்பத்தோடு கணவரிடம் திரும்புபவரும் இருக்கக்கூடும். அதுவே உண்மையான சமாதானம்.

அந்தப் பெண் இப்போது தரைத்தள வாடகை வீடு ஒன்றில் வசிக்கிறார். சென்ற ரமளானில் நாம் நலம் விசாரித்தபோது, 'வாசற்கதவின் சாவி என்னிடம் இருக்கிறது, ஹஜ்ரத்' என்றார். வேறெதையும் அவர் பெரிதாகச் சொல்லவில்லை.

அன்று நாம் இட்ட கையொப்பத்தை இனி அழிக்க முடியாது. இன்று நீங்கள் இடப்போகும் கையொப்பமேனும் அதற்குப் பரிகாரமாகட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் 'சுமுகமாக முடிக்கப்பட்டவை' என்ற வரிக்குக் கீழே, 'தங்க இடம் அளிக்கப்பட்டவை' என்று மற்றொரு வரியும் வாசிக்கப்பட வல்ல ரஹ்மான் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.